தேதி தவறாமல் இருக்க: இலவசக் காலண்டர் செயலியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

(பட்டுக்கோட்டையில் நம் அறக்கட்டளை நடத்திய குடும்ப நல வழிகாட்டல் கூட்டத்தில் வழங்கப்பட்ட உரை)





இன்று நாம் பேசப்போவது போனில் இருக்கும் காலண்டரைப் பற்றி. "இதற்கெல்லாம் ஒரு கூட்டமா?" என்று சிலர் நினைக்கலாம். நாங்களும் முன்பு அப்படித்தான் நினைத்திருந்தோம். ஒரு நிகழ்ச்சி எங்கள் எண்ணத்தை மாற்றியது. அதிலிருந்தே தொடங்குகிறோம்.

கல்லூரியில் படிக்கும் மகளுக்குக் கட்டணம் கட்ட உதவி கேட்டு ஒரு தாய் நம் அலுவலகத்திற்கு வந்தார். விசாரித்தபோது, அந்தப் பிள்ளைக்குச் சென்ற ஆண்டு அரசு உதவித்தொகை கிடைத்திருந்தது தெரிந்தது. இந்த ஆண்டு புதுப்பிக்க வேண்டும். வருமானச் சான்றிதழ், மதிப்பெண் சான்றிதழ், வங்கிப் புத்தக நகல் எல்லாம் ஒரு பையில் ஒழுங்காக இருந்தன. ஆனால் கடைசித் தேதி முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது.

"மறந்துட்டீங்களா அம்மா?" என்று கேட்டோம். "மறக்கலைங்க. காலண்டர்ல எழுதித்தான் வச்சிருந்தேன்" என்றார். அவர் சொன்னது உண்மைதான். வீட்டில் மாட்டியிருந்த தினசரி காலண்டரில், கடைசித் தேதிக்குரிய தாளைப் புரட்டி, அதன் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறார். தினமும் ஒரு தாள் கிழிக்கும் காலண்டர் அது. அந்தத் தாள் கண்ணுக்குத் தெரிந்ததே கடைசி நாள் காலையில்தான். அன்றைக்குப் பார்த்து உறவில் ஒரு ஜனாஸா. இ-சேவை மையத்திற்குப் போக முடியவில்லை. மலேசியாவில் வேலை பார்க்கும் தகப்பனாருக்கு அப்படி ஒரு தேதி இருப்பதே தெரியாது. விடுதியில் இருக்கும் மகள், அம்மா பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட்டாள்.

அந்தப் பிள்ளையின் கட்டணத்திற்கு நம் நிதியிலிருந்து உதவினோம், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அரசிடமிருந்து வந்திருக்க வேண்டிய தொகை அது. அந்த அளவுக்கு வேறு ஒரு வீட்டுக்குக் கொடுக்க நம்மிடம் இல்லாமல் போனது. அன்றைக்குத்தான் எங்களுக்கு உறைத்தது. நம் வீடுகளில் பல இழப்புகள் பணம் இல்லாததால் வருவதில்லை. தேதியைச் சரியான நேரத்தில், சரியான ஆளுக்குச் சொல்ல யாரும் இல்லாததால் வருகின்றன.

சுவர்க் காலண்டர் செய்யாத இரண்டு வேலைகள்

சுவர்க் காலண்டரை நாம் குறை சொல்ல வரவில்லை. சிவகாசியில் அச்சாகி, நகைக்கடை, ஜவுளிக்கடை, மளிகைக்கடை பெயரோடு வருடம் பிறக்கும்போது கைக்கு வரும் அந்தக் காலண்டர் ஓர் அருமையான பொருள். சார்ஜ் வேண்டாம், நெட் வேண்டாம். வீட்டில் உள்ள எல்லோரும் பார்க்கலாம். ஜமாஅத்துகள் வெளியிடும் காலண்டரில் தொழுகை நேரமும் பிறை தேதியும் சேர்ந்தே இருக்கின்றன.

ஆனால் அது செய்யாத வேலைகள் இரண்டு உண்டு. ஒன்று, அது முன்கூட்டியே சொல்லாது. நாம் போய்ப் பார்த்தால்தான் பேசும். இரண்டு, அது ஒரு வீட்டுச் சுவரில் மட்டும்தான் இருக்கும். கணவர் துபாயில், மகன் சென்னையில், மகள் விடுதியில், தாய் இங்கே என்று நான்கு இடமாகப் பிரிந்திருக்கும் நம் குடும்பங்களில், ஒரு சுவரில் எழுதியதை மற்ற மூவர் பார்க்க வழியில்லை.

இந்த இரண்டு வேலைகளுக்காகத்தான் போன் காலண்டர் தேவைப்படுகிறது. ஆகவே ஒரு செயலியைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் நிறம் அழகாக இருக்கிறதா, நூறு வசதிகள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டியதில்லை. மூன்று கேள்விகள் கேட்டால் போதும். இதை வீட்டில் வேறு யார் பார்க்க முடியும்? இலவசமாகத் தருகிறவர் நம்மிடமிருந்து என்ன எடுத்துக்கொள்கிறார்? நாளை இதை விட்டுப் போக வேண்டியிருந்தால் நம் தேதிகளை எடுத்துக்கொண்டு போக முடியுமா?

அதற்கு முன் ஒரு சிறு விளக்கம். காலண்டர் வேறு, வேலைப் பட்டியல் வேறு. மருத்துவரைப் பார்க்கும் நாள், தேர்வு நாள், விண்ணப்பக் கடைசி நாள் ஆகியவை தேதியோடு கட்டுப்பட்டவை. அவை காலண்டருக்கு. "ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க வேண்டும்", "மோட்டாருக்கு மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும்" என்பவை எப்போது முடிந்தாலும் சரி, முடிந்ததும் அடித்துவிடலாம். அவை பட்டியலுக்கு. இரண்டையும் ஒன்றாகக் கொட்டினால் முக்கியமான தேதி குப்பைக்குள் மறைந்துபோகும்.

முதல் கேள்வி: யார் யார் பார்க்க முடியும்?

ஆண்ட்ராய்டு போன் வைத்திருக்கும் பலரிடம் கூகுள் காலண்டர் ஏற்கெனவே இருக்கிறது. 2006 முதல் இலவசமாகக் கிடைக்கும் செயலி அது. தமிழிலும் வைத்துக்கொள்ளலாம். அதில் நமக்கு மிகவும் பயன்படுவது பகிரும் வசதி. "குடும்பம்" என்ற பெயரில் தனியாக ஒரு காலண்டர் உருவாக்கி, அதில் கணவர், மனைவி, வளர்ந்த பிள்ளைகள் ஆகியோரின் ஜிமெயில் முகவரிகளைச் சேர்த்துவிடலாம். இந்த வேலையைக் கணினியில் செய்வது எளிது. ஒருமுறை செய்துவிட்டால் போதும், எல்லோர் போனிலும் தெரியும். யார் பார்க்க மட்டும் செய்யலாம், யார் மாற்றலாம் என்பதையும் நாமே தீர்மானிக்கலாம்.

உங்கள் சொந்த வேலைகள் உள்ள காலண்டரைப் பகிர வேண்டாம். குடும்பக் காலண்டரை மட்டும் பகிருங்கள். ஒரே குடும்பமாக இருந்தாலும் ஒவ்வொருவருக்கும் சில விஷயங்கள் தனிப்பட்டவை.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. துபாய் நேரம் நமக்கு ஒன்றரை மணி பின்னால். சவூதி இரண்டரை மணி பின்னால். மலேசியாவும் சிங்கப்பூரும் இரண்டரை மணி முன்னால். இங்கே காலை 10 மணிக்கு மருத்துவர் என்று பதிந்தால், துபாயில் இருப்பவர் போனில் அது 8.30 என்று தெரியும். அது பிழையல்ல. அதே நொடியைத்தான் அவர் ஊர் நேரத்தில் காட்டுகிறது. ஆனால் விமானப் பயணத்தைப் பதியும்போது கவனம் வேண்டும். டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் நேரம், இறங்கும் நேரம் இறங்கும் ஊரின் நேரம். கடைசித் தேதி போன்றவற்றை மணி குறிக்காமல் "நாள் முழுவதும்" என்று பதிந்துவிட்டால் இந்தக் குழப்பமே இல்லை.

பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவர்களுக்கு என்ன வழி? முன்பு கூகுள் காலண்டர் எஸ்.எம்.எஸ். வழியாகவும் நினைவூட்டியது. 2015 ஜூன் மாதத்தில் அதை நிறுத்திவிட்டார்கள். ஆகவே அவர்களுக்கான மாத்திரை நாள், கண் பரிசோதனை நாள் ஆகியவற்றை மகனோ மருமகளோ தம் காலண்டரில் பதிந்து, நாள் வரும்போது ஒரு போன் செய்து சொல்லிவிடுவதே வழி. அந்தப் போன் அழைப்பு செயலியைவிட அவர்களுக்கு இனிப்பாகவும் இருக்கும்.

இரண்டாம் கேள்வி: இலவசத்திற்கு விலை என்ன?

நகைக்கடைக் காலண்டரும் இலவசம்தான். அதற்கும் ஒரு விலை உண்டு. வருடம் முழுக்க நம் சுவரில் அந்தக் கடையின் பெயர் தொங்குகிறது. அது நியாயமான பேரம். ஏனென்றால் நாம் எந்தத் தாளில் என்ன எழுதினோம், எந்த மருத்துவரிடம் போகிறோம், எந்த நாளில் ஊரில் இல்லை என்பது கடைக்காரருக்குத் தெரியாது. போனில் இருக்கும் காலண்டருக்கு அதெல்லாம் தெரியும். வேறுபாடு அங்கேதான்.

நம் சமுதாயத்தோடு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு செய்தியைச் சொல்கிறோம். தொழுகை நேரமும் கிப்லாவும் காட்டும் முஸ்லிம் புரோ என்ற செயலியை உலகம் முழுவதும் கோடிக்கணக்கானவர்கள் பயன்படுத்துகிறார்கள். அதன் வழியாகச் சேர்ந்த இருப்பிடத் தகவல் எக்ஸ்-மோடு என்ற அமெரிக்க நிறுவனத்திற்குப் போனதாகவும், அந்த நிறுவனம் அமெரிக்க ராணுவத்தோடு தொடர்புள்ள ஒப்பந்ததாரர்களுக்குத் தகவல் விற்றதாகவும் 2020 நவம்பரில் மதர்போர்டு என்ற செய்தித் தளம் வெளியிட்டது. செய்தி வந்ததும், அந்த நிறுவனத்தோடு உள்ள தொடர்பைத் துண்டித்துவிட்டதாக முஸ்லிம் புரோ அறிவித்தது. பிறகு 2024 ஜனவரியில், மக்கள் போய்வரும் வழிபாட்டு இடங்கள், மருத்துவமனைகள் போன்றவற்றைக் காட்டிக்கொடுக்கும் இருப்பிடத் தகவல்களை எக்ஸ்-மோடின் வழிவந்த நிறுவனம் விற்கக் கூடாது என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் தடை போட்டது.

இதைச் சொல்வது பயமுறுத்துவதற்காக அல்ல. ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொள்வதற்காக. செயலியைத் திறந்ததும் "அனுமதி கொடு" என்று கேட்கிறதல்லவா, அங்கே ஒரு நொடி நில்லுங்கள். காலண்டருக்கு நோட்டிபிகேஷன் அனுமதி வேண்டும். அது நியாயம். ஆனால் நம் போனில் உள்ள எல்லாத் தொடர்பு எண்களும், மைக்கும், இருபத்து நான்கு மணி நேர லொகேஷனும் ஒரு சாதாரண காலண்டருக்கு எதற்கு? தொழுகை நேரச் செயலிக்கும்கூட ஊர்ப் பெயரை நாமே கையால் தேர்ந்தெடுத்துக் கொடுத்தால் பெரும்பாலும் போதும். லொகேஷன் தேவைப்படாது.

எதையும் வெளியே அனுப்ப விரும்பாதவர்களுக்கும் வழி இருக்கிறது. பாசிஃபை காலண்டர், ஈடார் போன்ற செயலிகள் திறந்த மூல நிரல் கொண்டவை. அதாவது, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதை விவரம் தெரிந்த எவரும் படித்துப் பார்க்கலாம். பாசிஃபை காலண்டர் இணைய அனுமதியே கேட்பதில்லை. நாம் எழுதியது நம் போனை விட்டு வெளியே போகாது. ஆனால் அதே காரணத்தால் போன் தொலைந்தால் தேதிகளும் தொலையும். அவ்வப்போது நாமே ஒரு நகல் எடுத்து வைக்க வேண்டும்.

நம் தஞ்சை மாவட்டத்தைப் பூர்வீகமாகக் கொண்ட ஸ்ரீதர் வேம்பு நிறுவிய ஜோஹோ நிறுவனமும் ஒரு காலண்டர் தருகிறது. தனிநபர் பயன்பாட்டுக்கு இலவசம். தங்கள் இலவசச் சேவைகளிலும் விளம்பரம் போடுவதில்லை என்பது அந்த நிறுவனத்தின் கொள்கை. அலுவலக உபயோகத்திற்குப் பணம் கொடுத்து வாங்குபவர்களிடமிருந்து அவர்களுக்கு வருமானம் வருகிறது. இப்படி, "இவர்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?" என்று ஒரு தடவை யோசித்துவிட்டால் பாதித் தெளிவு வந்துவிடும்.

மூன்றாம் கேள்வி: விட்டுப் போக முடியுமா?

இலவசச் செயலிகள் நிலையானவை அல்ல. வுண்டர்லிஸ்ட் என்று ஒரு வேலைப் பட்டியல் செயலி இருந்தது. ஜெர்மனியின் பெர்லின் நகரில் உருவாகி, உலகம் முழுவதும் விரும்பிப் பயன்படுத்தப்பட்டது. 2015இல் மைக்ரோசாஃப்ட் அதை விலைக்கு வாங்கியது. 2020 மே 6 அன்று அதை மூடிவிட்டார்கள். மைக்ரோசாஃப்ட் டு டூ என்ற தங்கள் சொந்தச் செயலிக்கு எல்லோரையும் மாறச் சொன்னார்கள். மாற்றிக்கொள்ள வசதியும் கொடுத்தார்கள். கவனித்தவர்கள் மாற்றிக்கொண்டார்கள்.

இன்னொன்று, சிம்பிள் மொபைல் டூல்ஸ் என்ற பெயரில் விளம்பரமில்லாத எளிய செயலிகள் சில இருந்தன. அவற்றில் ஒரு காலண்டரும் உண்டு. 2023 கடைசியில் அதை உருவாக்கியவர் வேறு ஒரு நிறுவனத்திற்கு விற்றுவிட்டார். ஆனால் நிரல் திறந்த மூலமாக இருந்ததால், தன்னார்வலர்கள் அதை அப்படியே எடுத்து வேறு பெயரில் தொடர்ந்தார்கள். சற்று முன் சொன்ன பாசிஃபை அப்படி வந்ததுதான். ஒரு பள்ளிக்கூடத்தின் நிர்வாகம் மாறினாலும் பாடத்திட்டம் ஊராரிடம் இருந்தால் வேறு இடத்தில் பள்ளியை நடத்தலாம் அல்லவா, அதைப் போல.

காலண்டர்களுக்கென்று ஒரு பொதுவான கோப்பு வடிவம் இருக்கிறது. ஐ.சி.எஸ். என்று சொல்வார்கள். 1998 முதல் இருக்கும் வடிவம் அது. ஒரு காலண்டரிலிருந்து இந்தக் கோப்பாக எடுத்தால் மற்றொரு காலண்டரில் போட்டுக்கொள்ளலாம். கூகுள், ஜோஹோ, கணினியில் பயன்படும் தண்டர்பேர்டு, பாசிஃபை எல்லாமே இதை ஏற்கின்றன. "ஏற்றுமதி" என்ற வசதி இல்லாத செயலியில் முக்கியத் தேதிகளை வைக்காதீர்கள். நம் பொருளைத் திருப்பித் தராத இடத்தில் அமானத் வைப்போமா?

நம் ஊர் நடைமுறைக்கு வருவோம். போன் வாங்கிய கடையில் இருக்கும் தம்பி ஒரு ஜிமெயில் போட்டு, ஒரு பாஸ்வேர்டும் போட்டுக் கொடுத்திருப்பார். அது என்னவென்று நமக்கும் தெரியாது, இப்போது அவருக்கும் நினைவிருக்காது. போன் மாற்றும்போது வேறு ஜிமெயில் போடுவார்கள். பழைய காலண்டரும் தொடர்பு எண்களும் போட்டோக்களும் எங்கோ நின்றுவிடும். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத கணக்குகளைக் கூகுள் நீக்கிவிடவும் கூடும். 2023 டிசம்பர் முதல் இந்த விதி நடைமுறையில் இருக்கிறது. ஆகவே காலண்டர் தொடங்கும் முன், அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு உங்கள் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் புதிதாக மாற்றி, ஒரு நோட்டில் எழுதி, பத்திரங்கள் வைக்கும் இடத்தில் வையுங்கள். அஸ்திவாரம் அதுதான்.

எந்த வீட்டுக்கு எது?

குடும்பத்தினர் வெவ்வேறு ஊர்களில் இருந்தால், பகிர்வதற்கு எளிதான கூகுள் காலண்டர் போதும். வேறு தேட வேண்டாம். விளம்பர நிறுவனத்திடம் தகவல் கொடுக்க மனமில்லை என்றால் ஜோஹோவைப் பாருங்கள். வீட்டில் எல்லோரும் அதில் கணக்குத் தொடங்க வேண்டியிருக்கும் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

தனியாக இருப்பவர், யாரோடும் பகிரத் தேவையில்லாதவர், இணையம் குறைவாகப் பயன்படுத்துபவர் என்றால் பாசிஃபை போன்ற போனுக்குள்ளேயே இருக்கும் காலண்டர் நல்லது.

மளிகைச் சாமான், திருமண வேலைகள், வீடு கட்டும் வேலைகள் என்று பட்டியல் போடுபவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் டு டூ அல்லது கூகுள் டாஸ்க்ஸ் போதுமானவை. டு டூவில் ஒரு பட்டியலை இருவர் பகிர்ந்து, ஒருவர் வாங்கியதை மற்றவர் அடிக்கலாம். டோடோயிஸ்ட், டிக்டிக் போன்றவையும் நல்ல செயலிகள்தான். ஆனால் அவற்றில் ஓர் அளவு வரைதான் இலவசம். சில வசதிகளுக்குச் சந்தா கேட்பார்கள். எந்த வசதி இலவசம் என்பதும் அவ்வப்போது மாறும். பாதி வழியில் சந்தா கேட்கும்போது மாட்டிக்கொள்ளாமல் இருக்க, தொடக்கத்திலேயே பார்த்துவிடுங்கள்.

ஹிஜ்ரி தேதியும் ஜகாத் கணக்கும்

நமக்கென்று ஒரு தனித் தேவை இருக்கிறது. ஜகாத் ஆண்டு சந்திர ஆண்டு. அது 354 அல்லது 355 நாள். ஆங்கில ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவு. ஒருவர் ஆங்கிலத் தேதியை வைத்துக்கொண்டு, "ஒவ்வொரு ஏப்ரல் முதல் தேதியும் ஜகாத் கணக்குப் பார்ப்பேன்" என்று இருந்தால், ஆண்டுக்கு 11 நாள் தள்ளிப்போகும். 33 ஆங்கில ஆண்டுகளில் 34 சந்திர ஆண்டுகள் ஓடிவிடும். அதாவது, ஒரு முழு ஆண்டின் ஜகாத் அவர் அறியாமலே விடுபட்டுவிடும். அது ஏழைகளுக்கு உரிய பங்கு.

கூகுள் காலண்டரின் அமைப்புகளில் "மாற்று நாள்காட்டி" என்ற பகுதியில் ஹிஜ்ரியைத் தேர்ந்தெடுத்தால், ஆங்கிலத் தேதிக்கு அருகிலேயே பிறை தேதியும் தெரியும். ஆனால் "ஆண்டுதோறும்" என்று போட்டால் அது ஆங்கிலத் தேதிப்படிதான் திரும்ப வரும். ஆகவே ஜகாத் நாளை ஆண்டுதோறும் என்று போடாதீர்கள். இந்த ஆண்டு கணக்கு முடித்ததும், அடுத்த ஆண்டின் அதே பிறை தேதி எந்த ஆங்கிலத் தேதியில் வருகிறது என்று பார்த்து, புதிதாக ஒரு பதிவு போடுங்கள். கூடவே இரண்டு வாரம் முன்பு ஒரு நினைவூட்டல் வையுங்கள். நகை எடை பார்க்கவும், கொடுத்த கடன், வர வேண்டிய பணம் எழுதவும் நேரம் வேண்டுமே. எதற்கு எவ்வளவு என்ற சட்டத்தை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காலண்டர் தேதியை மட்டும்தான் சொல்லும்.

செயலி காட்டும் பிறை தேதி ஒரு கணக்கு. நாம் நோன்பு பிடிப்பது பிறை அறிவிப்பின்படி. 2024இல் சவூதியில் ரமலான் மார்ச் 11 அன்று தொடங்கியது, தமிழகத்தில் மார்ச் 12. 2025இல் அங்கே மார்ச் 1, இங்கே மார்ச் 2. பல செயலிகள் சவூதியின் கணக்கையே காட்டுகின்றன. ஆகவே அவை காட்டும் தேதியை வைத்து டிக்கெட் போடுவது, விடுப்பு கேட்பது போன்ற திட்டங்களை உத்தேசமாக வகுக்கலாம். ஒரு நாள் முன்பின் வரும் என்பதற்கு இடம் விட்டு வையுங்கள். நோன்புக்கும் பெருநாளுக்கும் தலைமை காஜியின் அறிவிப்பையும் நம் பள்ளிவாசலின் அறிவிப்பையும் பாருங்கள்.

பதியும் முறை

செயலியைத் தேர்ந்தெடுப்பது பாதி வேலை. பதிவது மீதி. முதலில் சொன்ன தாயின் கதையை நினைத்துப் பாருங்கள். அவர் தேதியைச் சரியாகத்தான் எழுதினார். ஆனால் முடியும் தேதியை எழுதினார். நாம் எழுத வேண்டியது தொடங்கும் தேதியை.

பாஸ்போர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்குப் பத்து ஆண்டு செல்லுபடியாகும். சிறுவர்களுக்கு ஐந்து ஆண்டு அல்லது 18 வயது நிறையும் வரை, எது முந்தியதோ அது. ஆனால் பல நாடுகள் நுழையும்போது குறைந்தது ஆறு மாதம் மீதியிருக்க வேண்டும் என்கின்றன. ஆகவே முடியும் தேதிக்கு ஒன்பது மாதம், பத்து மாதம் முன்பே "புதுப்பிக்கத் தொடங்கு" என்று பதிய வேண்டும். உதவித்தொகை என்றால் கடைசி நாளுக்கு ஒரு மாதம் முன்பு ஒன்று, ஒரு வாரம் முன்பு ஒன்று. குழந்தைக்குத் தடுப்பூசி என்றால் பிறந்த உடனேயே 6, 10, 14ஆம் வாரங்களையும், 9ஆம் மாதத்தையும் எண்ணிப் பதிந்துவிடலாம். விவசாயம் பார்ப்பவர்கள் பயிர்க் காப்பீட்டின் கடைசி நாளை, அறிவிப்பு வந்த அன்றைக்கே பதிந்துவிடுங்கள்.

பதிந்தால் மட்டும் போதாது, அது கூப்பிடுகிறதா என்று சோதித்துப் பாருங்கள். பல போன்களில் பேட்டரியை மிச்சப்படுத்துகிறோம் என்று செயலிகளை உறங்க வைத்துவிடுவார்கள். நினைவூட்டல் வராது. ஐந்து நிமிடம் கழித்து ஒரு பதிவு போட்டு, போனின் திரையை மட்டும் அணைத்து மேஜை மேல் வையுங்கள். ஒலித்தால் சரி. ஒலிக்கவில்லை என்றால், அமைப்புகளில் அந்தச் செயலிக்கு நோட்டிபிகேஷன் அனுமதி இருக்கிறதா, பேட்டரிக் கட்டுப்பாடு போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

சில எச்சரிக்கைகள். ஏ.டி.எம். ரகசிய எண், பாஸ்வேர்டு, ஆதார் எண் எதையும் காலண்டரில் எழுதாதீர்கள். முன்பின் தெரியாதவர்கள் அனுப்பும் அழைப்புகள் சில நேரம் தாமாகவே காலண்டரில் ஏறிவிடும். "பரிசு விழுந்திருக்கிறது, இங்கே தொடுங்கள்" என்று ஒரு லிங்க் இருக்கும். தொடாதீர்கள். கூகுள் காலண்டர் அமைப்புகளில், தெரிந்தவர் அனுப்பும் அழைப்பை மட்டும் ஏற்கும்படி மாற்றிக்கொள்ளலாம்.

மிக முக்கியமாக, எல்லாவற்றையும் பதியாதீர்கள். ஒரு நாளைக்கு இருபது முறை கத்தும் போனை இரண்டாம் வாரமே நாம் காதில் போட்டுக்கொள்ள மாட்டோம். தவறினால் நஷ்டம் வரும் தேதி எதுவோ, அது மட்டும்.

தாளும் இருக்கட்டும்

2018 நவம்பர் 16 அதிகாலையை இந்த ஊரில் யாரும் மறக்க மாட்டோம். கஜா புயலில் தென்னைகள் சாய்ந்தன, மின்கம்பங்கள் சாய்ந்தன. நாள்கணக்கில் கரண்ட் இல்லை. போனுக்கு உயிரில்லை. சுவர்க் காலண்டரும் நோட்டும் ஓட்டு வழியே வந்த தண்ணீரில் நனைந்துபோன வீடுகளும் உண்டு. அன்றைக்குப் போனை மட்டும் நம்பியவரும் தவித்தார், தாளை மட்டும் நம்பியவரும் தவித்தார்.

ஆகவே எங்கள் ஆலோசனை இரண்டும் சேர்ந்தது. வருடத்தின் முக்கியமான பத்துப் பன்னிரண்டு தேதிகளை ஒரு தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, பாஸ்போர்ட், பத்திரங்களோடு வையுங்கள். அதே தேதிகள் போன் காலண்டரிலும் இருக்கட்டும். சுவர்க் காலண்டரையும் கழற்ற வேண்டாம். அதில் முடியும் தேதியை மட்டுமின்றி, தொடங்கும் தேதியிலும் ஒரு வட்டம் போடுங்கள்.

இன்று இரவு வீட்டுக்குப் போனதும் இஷாவுக்குப் பிறகு ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். எல்லோரும் உட்கார்ந்து ஐந்து தேதிகளை மட்டும் தேடி எடுங்கள். பாஸ்போர்ட், பிள்ளைகளின் உதவித்தொகை, வண்டி இன்சூரன்ஸ், மருத்துவர் சொன்ன அடுத்த பரிசோதனை, ஜகாத் நாள். வெளிநாட்டில் இருப்பவரை வீடியோ அழைப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்தத் தேதிக்கு யார் பொறுப்பு என்று பெயர் போட்டுப் பதியுங்கள். பெயர் இல்லாத பொறுப்பு யாருடைய பொறுப்பும் இல்லை.

செயலி அமைப்பதில் சிரமம் இருந்தால் நம் அலுவலகத்திற்குப் போனோடு வாருங்கள். நம் இளைஞர்கள் அமைத்துத் தருவார்கள். பெண்களுக்குப் பெண் தன்னார்வலர்கள் உதவுவார்கள். உங்கள் பாஸ்வேர்டை அவர்களிடம் சொல்ல வேண்டாம், நீங்களே தட்டுங்கள்.

அந்தத் தாய் இப்போது நம் கூட்டத்தில்தான் இருக்கிறார். அவருடைய அனுமதியோடுதான் இதைச் சொன்னோம். அடுத்த ஆண்டு புதுப்பிக்கும் தேதி இப்போது மூன்று போன்களில் இருக்கிறது. அவருடைய போன், மகளின் போன், மலேசியாவில் இருக்கும் அத்தாவின் போன்.

நமக்குக் கொடுக்கப்பட்ட நேரம் ஓர் அமானத். அதைப் பேணிக்கொள்ள அல்லாஹ் நமக்கு உதவி செய்வானாக, நம் வீடுகளில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.